செல்லாத சட்டம்

இன்று காலை லிப்டுக்குள் யாரோ இன்சுலின் போத்தலைப் போட்டு உடைத்திருந்தார்கள். அந்த மருந்து மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. டோர்செட் பார்க்கில் இதே கட்டடத்தில்தானே, இஞ்சேருங்கோ, நீங்கள் பாதி மருந்தை ஏற்றிவிட்டு மிச்சத்தை நாளைக்கென்று பிரிட்ஜில் வைத்தீர்கள்.

எங்களைப் போல இந்த நாட்டில் அகதி வழக்கு முடியாதவர்களுக்கு இனி இலவச மருந்து இல்லை என்று அப்போது சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட ஒரு வக்கீல் பெண், மருந்து கிடைக்காத நோயாளிகளைத் தேடி வீடு வீடாக வந்தாள். யாழ்ப்பாணத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட சட்டத்தரணி நீங்கள். கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சிரித்தீர்கள்.

"உது நடக்காது பிள்ளை. பாராளுமன்றத்தில சட்டமூலமா இருக்கேக்க போயிருக்க வேணும். சபாநாயகர் ஒப்பம் வைச்ச பிறகு எந்தக் கோட்டும் தொடேலாது."

ஊரில் அப்படித்தான். இங்கே நிறைவேறிய சட்டத்தையும் அரசியலமைப்போடு வைத்துப் பார்த்து நீதிபதி தூக்கி எறியலாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். நான் வாய் திறந்ததற்கு, "விசர்க்கதை கதையாதையும்" என்றீர்கள். அன்றே போயிருந்தால் இடைக்காலத் தடையாவது கிடைத்திருக்கும்; பாதி மருந்தில் நாளைக் கடத்தி நீங்கள் செத்திருக்கவும் மாட்டீர்கள். அதனால் உங்களிலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அது புருசன் பெண்சாதிக்குள் வரும் வீட்டுக் கோபம்.

மற்றக் கோபம் அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்திய எம்.பி.யில். உங்கள் செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு வக்கீல் பெண்ணிடம் போய் வழக்குக்கான சத்தியக் கடதாசியில் ஒப்பம் வைத்தேன். அரசாங்க வக்கீல் குடைந்து குடைந்து கேட்டார். ஒரு சொல் மாறாமல் சொன்னேன். நாங்கள் வென்றோம். அன்று எனக்குக் கண்ணீர் வரவில்லை. அந்த எம்.பி.யை இன்னும் விடக்கூடாது என்றுதான் இருந்தது.

போன ஞாயிறு மோர்னிங்சைட் மண்டபத்தில் அவன் வாக்குக் கேட்டு நின்றான். "அந்தப் பிழையை நாங்களே திருத்திட்டம்" என்றான். நான் எழும்பினேன்.

"நீங்கள் திருத்தேல்லை. கோட்டு திருத்தினது. அந்தச் சட்டம் தொடக்கத்திலயிருந்தே செல்லாதாம். அப்ப என்ர மனுசன் எந்தச் சட்டத்தில செத்தவர்?"

கையை நீட்டிக்கொண்டு வந்தான். நான் கொடுக்கவில்லை.

அவனுடைய அடுத்த கூட்டம் ஒஷாவாவிலாம். எந்த பஸ் போகும் என்று விசாரித்துவிட்டேன். அங்கேயும் எழும்பிக் கேட்பேன்.