பதினோரு ‘ங்க’

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கல்லூரியில் மூன்று வகுப்பு. மூன்றிலும் தொகைநிலைத் தொடர். கோவையிலிருந்து சோமனூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வந்ததும் மறுபடி விண்ணப்பம்.

மேரி கியூரி நல்கைக்குப் பத்துப் பக்கம். ‘சிறப்பு’, ‘தாக்கம்’, ‘செயலாக்கம்’ என்று மூன்று பகுதி. தாக்கத்தை நான்காவது முறையாகத் திருத்துகிறேன். எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அந்தச் சொல் அடிதடி மாதிரியே கேட்கிறது.

வார்சாவிலிருந்து பேராசிரியர் ஆக்னியெஷ்கா வீடியோவில் வந்தார். நல்கை கிடைத்தால் இரண்டு வருடம் அவரிடம்தான். கேள்வியை ஒரே மூச்சில் சொல் என்றார். சொன்னேன்: கொங்குத் தமிழில் ‘ங்க’ யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, கிடைக்காதவர் அதை மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்.

“கடைசிப் பாதிதான் ஆய்வு. முதல் பாதி உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்” என்றார்.

கடைசிப் பாதிக்கு என்னிடம் ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை. கெடு செப்டம்பர் 10.

9 ஆகஸ்ட், சனி

எழிலிடம் கேட்டுவிட்டேன். அப்பாவின் தறிக்கூடத்தில் ஆறு தறி ஓட்டுகிறவர். அண்ணன் தீபக்கும் அவரும் ஒரே வயது, ஒரே பள்ளி. அண்ணன் அவரை “டேய் எழிலு” என்பான். அவர் அண்ணனை “சின்னவருங்க” என்பார். காலனியிலிருந்து வருகிற எல்லோரும் அப்படித்தான். ‘ழ’வை அவ்வளவு சுத்தமாகச் சொல்கிற ஆளை என் துறையிலேயே நான் பார்த்ததில்லை.

ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தார். ‘எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகலாம்’ என்ற வரியில் விரலை வைத்தார்.

“இந்த மாதிரி ஒரு காயிதம் தறிக்குடோனுக்கும் இருந்தா நல்லாருக்குமுங்க.”

என்னிடம் பேசும்போது மட்டும் ‘ங்க’ இல்லாமல், பேர் சொல்லிப் பேச முடியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

“அடி உளுந்தா யாருங்க பொறுப்பு?”

“நான்.”

“அதையும் காயிதத்துல போட்ருங்க.”

நானும் சிரித்தேன். போடவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

விண்ணப்பத்தின் நெறிமுறைப் பட்டியல். ‘பங்கேற்பாளருக்குத் தீங்கு நேர வாய்ப்பு உண்டா?’ — இல்லை. டிக் போட மூன்று விநாடி ஆனது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது அமர்வு, நூல் ரூமில். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்து நான்கு தறி ஓடுகிறது. உள்ளே பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பதிவு வார்சாக்காரர்களின் செயலியில். நிறுத்தியதும் கோப்பு நேராக அங்கே போய்விடும், போனில் தங்காது. அது அவர்கள் விதி.

“பிரியா” என்று முதல்முறை சொன்னபோது எழிலுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. “நாக்கு வழுக்குது” என்றார். பிறகு பழகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் — எப்படிச் சொல்வது — பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

“தறி ஓடறப்ப நான் உங்கண்ணன ‘சின்னவருங்க’ன்னு ஒருக்காக்கூடச் சொன்னதில்ல, தெரியுமா? வாய மட்டும் அசைப்பேன். சத்தத்துல அவனுக்கு என்ன கேக்குது? தலையாட்டிட்டுப் போயிருவான்.”

“என்ன சொல்லி அசைப்பே?”

“அதெல்லாம் உன் படிவத்துல வராது.”

இரண்டு பேரும் நூல் மூட்டைமேல் சாய்ந்து சிரித்தோம். கடைசிப் பாதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்துவிடும்.

பகல் பதினொன்றரை. நூல் ரூம். போன் மூட்டைமேல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. இருபத்து நான்கு தறியும் ஒன்றாக நின்றன. எழில் நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. “நீ கேளு பிரியா, தீபக் ஆறாவதுல எம் பேப்பரப் பாத்துத்தான் பாசானான்!” அந்த அமைதியில் அது கூடம் முழுக்கப் போனது. வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான்.

வாசலில் அண்ணன். கையில், தறியில் ஊடுநூல் கொண்டோடும் மரநாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டை.

“யாரு பேரடா சொன்ன?”

“இல்லீங்க சின்னவருங்க —”

முதல் அடி தோளில். அடுத்தது முழங்காலில். எழில் விழுந்தார்.

“வருதில்ல? இப்ப வருதில்ல? ஒரு அடிக்கு ஒரு ‘ங்க’. சொல்லு.”

“வேண்டாமுங்க.”

அடி.

“சாமீங்க.”

அடி.

அண்ணன் கத்தவில்லை. வாத்தியார் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோல நிதானமாகக் கேட்டு வாங்கினான். நடுவில் “எந்திரிங்க எழில் சார், எந்திரிங்க” என்றான். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது தாடையில் அடித்தான். எலும்பு போன சத்தம் கேட்டது. அதற்குப்பிறகு சொல் வரவில்லை. ரத்தமும் இரண்டு பல்லும் வந்தன.

நான்? அவன் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் மூக்கில் இடித்தான். வெள்ளை நூல் கோன்கள்மேல் என் ரத்தம். அப்புறம், இதையும் எழுதித்தான் ஆக வேண்டும், போனைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று. என்ன பிறவி நான்?

வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. கரண்ட் வந்தது. அப்பா வந்து எட்டிப் பார்த்தார். எழிலைப் பார்த்தார். பிறகு திரும்பி, விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல மெதுவாக, “ஏனுங்க, என்னங்க வேடிக்க? தறியப் போடுங்க” என்றார்.

ஒவ்வொன்றாகத் தறி ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

நாடா பறந்து தாடையில் அடித்துவிட்டது. அப்பா போலீஸிடம் சொன்ன கதை. நாடா பறப்பது எல்லாக் கூடத்திலும் நடப்பதுதான். யாரும் நம்புவார்கள். எட்டுப் பேரும் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் காலையில் என் போனைக் கேட்டான். “நீ என்னமோ புடிச்சிட்டு இருந்தியே, அத அழி.” இதுல இல்லண்ணா என்றேன். கேட்கவில்லை. போனை வாசற்படியில் வைத்து, நேற்றைய கட்டையாலேயே அடித்தான். கட்டையைக் கழுவியிருந்தார்கள். இன்னும் ஈரம் இருந்தது.

ஆனால் நேற்றே பார்த்துவிட்டேன்: ‘பதிவேறியது’. நாற்பத்தேழு நிமிடம்.

அம்மா என் மூக்குக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். “அவன் கைல ஏன் போயி உளுந்தே கண்ணு” என்றாள். நானே போய் விழுந்தேனாம்.

23 ஆகஸ்ட், சனி

அண்ணனைக் கொல்ல வேண்டும் என்று இன்று ஏழு முறை நினைத்தேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டே.

25 ஆகஸ்ட், திங்கள்

கல்லூரிக்கு என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழிலின் தாடையைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். ஸ்ட்ராவில் கஞ்சி. முகம் இரண்டு பங்கு.

அவருடைய அக்கா பொற்கொடி எழுந்து வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை.

“வாங்க அம்மணி. இன்னுமென்ன கேக்கோணும்? மைக்க எங்க வெப்பீங்க, வாயிலயா, கட்டுலயா?”

எழில் கை நீட்டிக் காகிதம் கேட்டார். பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதினார்: பதிவு இருக்கிறதா?

“இருக்கு. வார்சாவுல.”

எல்லாமா?

“எல்லாம். பதினோரு ‘ங்க’வும்.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஆமாம், எண்ணியிருக்கிறேன். அடி விழ விழ, என்னையறியாமல். ஐந்து வருடமாக ‘ங்க’ எண்ணிப் பழகிய மூளை.

“எண்ணி வெச்சிருக்கறீங்களா!” என்றார் பொற்கொடி. கை ஓங்கினார். அடித்திருக்கலாம்.

எழில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: எனக்கு அது வேண்டும்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

கல்லூரிக் கணினியிலிருந்து ஆக்னியெஷ்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில். ‘அந்தக் குரல் அவருடையது, நம்முடையதல்ல. அவர் கையெழுத்திட்டுக் கேட்டால் கோப்பு அவருக்குப் போகும். உன் விண்ணப்பத்தைப் பற்றி: நடந்ததைச் சொன்னால் மதிப்பீட்டாளர்கள் பயப்படலாம். சொல்லாவிட்டால் அது பொய். முடிவு உன்னுடையது.’

28 ஆகஸ்ட், வியாழன்

எழில் கையெழுத்திட்டுப் பதிவை வாங்கிப் புகார் கொடுத்துவிட்டார். நான் வாக்குமூலம் கொடுத்தேன். வன்கொடுமை வழக்கு என்பதால் டிஎஸ்பி. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது.

“கூடப் பொறந்தவருங்களா?”

“ஆமா.”

“ஊட்ல சொல்லிப்போட்டு வந்தீங்களா?”

“இல்லீங்க.”

பதிவைப் போட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அறையில் அண்ணன் குரல். பாதியில் நிறுத்திவிட்டு, காவலரிடம் கேட்டார்: “தறிச் சத்தமே இல்லையே. கரண்டு இல்லாம நாடா எப்படிய்யா பறக்கும்?”

அப்பா நாற்பது வருடம் தறி ஓட்டியவர். அது அவருக்கே தோன்றவில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

அண்ணனைக் காலையில் கூட்டிப் போனார்கள். ஜீப் திரும்பியதும் அம்மா என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். இரண்டு முறை. “கூடப் பொறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிப்போட்டு எங்கடி போகப்போற, சீமைக்கா?” மூன்றாவது முறை அவளுக்கே கை வரவில்லை, உட்கார்ந்து அழுதாள். நான் தடுக்கவில்லை. திருப்பி அடிக்கவும் தோன்றியது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அப்பா என் புத்தக அலமாரியை முற்றத்தில் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றினார். எரிந்து முடிகிறவரை பக்கத்தில் நின்றார். பிறகு வந்து, சிறு வயதில் சாப்பிடக் கூப்பிடுவாரே, அதே குரலில்: “கெளம்புங்க அம்மணி. இனி இங்க வராதீங்க.”

எங்கள் பக்கத்தில் அப்பாக்கள் பெண் குழந்தைக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். செல்லம்.

2 செப்டம்பர், செவ்வாய்

ஆர்.எஸ்.புரத்தில் பெண்கள் விடுதி. ஜன்னலைத் திறந்தால் பட்டுக்கடைப் பொம்மை ஒன்று, தலை இல்லாமல், நல்ல புடவையில். தலையில் அடிபட்ட இடம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் நான்கு வாக்கியம் திருத்தினேன்.

10 செப்டம்பர், புதன்

நெறிமுறைப் பட்டியலைத் திறந்தேன். ‘தீங்கு நேர வாய்ப்பு உண்டா?’ ‘இல்லை’யை எடுத்துவிட்டு ‘உண்டு’ என்று வைத்தேன். விளக்கம் கேட்டது. எழுதினேன்: ‘நேர்ந்தது. முன்னோட்ட ஆய்வின்போது, ஆய்வாளர் சொல்லிக் கொடுத்த முறையில் பேசியதற்காக, ஆய்வாளரின் அண்ணனால், ஆய்வாளரின் கண்முன்.’ ஆக்னியெஷ்கா ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினார். கெடுவுக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஒவ்வொரு வெடிக்கும் தோள் குறுகுகிறது. அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டானாம். விடுதி வார்டன் லாஸ்யா மேடம் வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார். காரணம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

11 பிப்ரவரி 2026, புதன்

கிடைத்துவிட்டது.

ஒரு நிபந்தனை. நல்கை தொடங்கும் முன், முன்னோட்டப் பதிவுகளுக்குப் பங்கேற்பாளரிடம் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘இந்தப் பதிவே திட்டத்தின் இதயம்.’

மின்னஞ்சலை மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் துணி துவைத்தேன். துவைத்ததையே.

6 மார்ச், வெள்ளி

அவிநாசி போனேன். எழில் அங்கே ஒரு மருந்துக்கடையில் இருக்கிறார். தறிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. கல்லாவில் இருந்த அவரிடம் யாரோ பேர் கேட்க, “எளில்” என்றார். ‘ழ’ வரவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

“எழில், முன்ன மாதிரியே பேசலாமே.”

“அது அந்த ரூமுக்குள்ள பேசுனதுங்க.”

படிவத்தை எடுத்து வைத்தேன். எதற்கு என்று சொன்னேன், நல்கை கிடைத்ததையும் சொன்னேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார், கண்ணில் தெரிந்தது. பிறகு படித்தார். முன்போலவே இரண்டு முறை. அதே வரியில் விரல்.

“கோர்ட்டுக்கு அது வேணுமுங்க. அங்க எத்தன தடவ வேணாலும் போடட்டும், நானும் உக்காந்து கேக்கறேன். ஆனா உங்க ஆய்வுக்கு வேண்டாமுங்க. காரணம் சொல்லாம வெலகலாம்னு போட்ருக்கறீங்கல்ல?”

“ஆமா.”

“அப்ப நான் வெலகிக்கறேனுங்க.”

“அன்னிக்குப் பதிவு மட்டுமா? முந்துன ரெண்டு அமர்வும்…”

“எல்லாமுங்க. சிரிச்சதும்.”

டீ வந்தது. அவரால் சூடாகக் குடிக்க முடியவில்லை, ஆறுகிறவரை வைத்திருந்தார். நானும் வைத்திருந்தேன். இரண்டு பேரும் வழக்குத் தேதியைப் பற்றிப் பேசினோம்.

எண்ணக் கூடாது என்று பஸ்ஸில் அவிநாசி ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விடுதிக்கு வந்ததும் விலகல் படிவத்தைத் திறந்தேன். பெயர், தேதி, நீக்க வேண்டிய கோப்புகள் மூன்று. எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். நிரப்பத் தேவையில்லை என்று அதன் கீழே எழுதியிருந்தது. போன ஜூலையில் நான் எழுதிய வரி. அப்படியே விட்டு அனுப்பினேன்.