மஞ்சள் குடித்த வேன்

பிலிமத்தலாவை
12.03.1996

அன்பு மகன் ஹாஷிமுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா, நான், உன் தங்கை றிஸானா எல்லோரும் சுகம், நீயும் கத்தாரில் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். இந்த வீட்டில் படுத்து எழும்பியது வேன் மட்டும்தான்.

லீவில் வரும்போது கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து டாக்சியில் வந்துவிடுகிறேன், வயதான காலத்தில் வாப்பாவை அலைக்கழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை வாசித்துவிட்டு அவர் நேரே போய் வேனின் பொனட்டைத் திறந்தார். ரேடியேட்டரில் சின்ன ஒழுக்கு இருந்ததாம், மஞ்சள் தூள் போட்டால் அடைபட்டுவிடுமாம், பழைய லொறிக்காரர்களின் வைத்தியமாம். ஒரு கரண்டியோடு நிறுத்தியிருக்கலாம், இந்த மனுஷன் நான் காயவைத்து இடித்து வைத்த போத்தலையே கவிழ்த்துவிட்டார். மஞ்சளைக் காணோம் என்று றிஸானாவை இரண்டு நாள் ஏசினேன், அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன் கொதித்து நின்றது. கட்டி இழுத்து வந்தபின் கராஜ்கார செல்லச்சாமி, இஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் யாரையும் கைவைக்க விடவில்லை. பிறகு அடியில் திறந்துவிட்டால் மஞ்சள் சேறு கொட்டுகிறது. மொதலாளி, ஒங்க வூட்டுல இதுலதான் கறி ஆக்குறீங்களா என்று அவர் கேட்க, நான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, ஹோஸ் பைப்பை விட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார்கள். கூலன்ட் கலந்து நிரப்பியதும் வாப்பா மூடியோடு ஓடினார், செல்லச்சாமி கையைப் பிடித்து, காத்து வெளிய போகட்டும் மொதலாளி, இப்பவே மூடுனா மறுபடி கொதிக்கும் என்றார். இஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்க அடங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். உன் வாப்பா அரை மணித்தியாலம் பொறுமையாக நின்றதை நான் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அன்றுதான் கண்டேன்.

அதன்பிறகு நாலு தடவை அதே ஏற்றத்தில் மாவனல்லைக்கு இறங்கி ஏறிப் பார்த்துவிட்டார், பாரம் வேண்டுமாம், அதற்கு நான். சூடு காட்டுற ஊசி அசையல்ல பாத்தீங்களா றலியா என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்கிறார். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று மகன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான். டாக்சி வேண்டாம், நீங்கள் வாருங்கள் வாப்பா என்று அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஆறு வருஷத்துக்கு முன்னே உன்னை அங்கே விட்டுவிட்டு, கட்டுநாயக்காவிலிருந்து வீடுவரைக்கும் தனியாக ஓட்டி வந்தவர் அவர்தான். கூட்டிக்கொண்டு வருவதையும் அவருக்கே விட்டுவிடு.

உன் உம்மா,
சித்தி றலியா