பின்பக்கமாக நடக்கும் வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் மாடிப்படியோடு சமாதானமாகிவிட்டதா? நான் சௌக்கியம்.

கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. சேர வருகிறவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும். அவர்கள் முகம் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடப்பது இங்கே வழக்கம். நேற்று, "சின்னக் கல்லூரி, எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற மனப்பாட வரியைச் சொல்லும்போதே பெஞ்ச் தடுக்கி மல்லாந்துவிட்டேன். அடியெல்லாம் இல்லை.

மகளோடு வந்திருந்த ஓர் அம்மாள் என்னைத் தூக்கி, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "உனக்குப் பின்னாடியும் கண்ணு இருக்குன்னுல்ல நெனச்சேன்! வலிக்குதாம்மா?"

என் பழைய தட்டைச் செருப்பை அனுப்புங்கள். பார்சல்மேல் முகவரியை நீங்களே கையால் எழுதுங்கள்; உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது.

அடுத்த கூட்டம் வந்துவிட்டது, ஓடுகிறேன். நேற்று வந்த அந்த அம்மாளின் பெண் இங்கேயே சேர்ந்தால் நன்றாக இருக்கும். அவளைப் பார்க்க அவள் அம்மா வருவார், நானும் பார்க்கலாம்.

உங்கள் மகள்