விடைத்தாள்

பாரிஸ், 1268,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

என் அன்புத் தீபோ,

நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கோடையில் உன் அக்கா கையால் சாப்பிட்ட அவரைச் சாறு இன்னும் நாக்கில் நிற்கிறது.

இப்போதோ சாப்பாடே இறங்கவில்லை. மோர்வால் ஆயர் என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்று நான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேனாம். அடுத்த மாதம் புனித நிக்கோலாஸ் திருநாளன்று நடக்கும் விசாரணையில் குற்றம் உறுதியானால், அதன்பின் நான் எங்குமே பாடம் சொல்ல முடியாது.

கிரேக்கருடைய தத்துவ நூல்கள் தொலேதோ நகரில் மொழிபெயர்க்கப்பட்டு வந்த நாள் முதல் மடத்துக்காரர்களுக்கு நம்மேல் கடுப்பு. வேதத்தை வாசித்து உருகினால் போதாதா, கேள்வி எதற்கு என்கிறார்கள். 'பள்ளிக்கூடத்தான்' என்பது அவர்கள் வாயில் வசவாகிவிட்டது. நாம் எழுதும் முறை உனக்குத் தெரியும். முதலில் 'இவ்வாறு தோன்றுகிறது' என்று எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாக எழுதுவோம். பிறகு 'ஆனால்' வரும். கடைசியில்தான் 'நான் விடையளிக்கிறேன்'. ஆயர் கையில் இருப்பது 'தோன்றுகிறது' தாள் மட்டும். அதையே என் கொள்கை என்று நினைத்துவிட்டார்.

இரண்டு தாளையும் படியெடுக்க உன்னிடம்தான் கொடுத்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. ஆயர் மாளிகையின் எழுத்தன் நீ. விடையுள்ள தாளை எடுத்து அவர் முன்னால் வை. முதல் தாள் அவரிடம் எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

உன் ஆர்னூல்


மோர்வால்,
புனித செசிலியா திருநாள்

மதிப்புக்குரிய ஆசான் ஆர்னூல் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை ஆயரின் செயலாளரான குருவானவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இதையும் அவர் படித்த பிறகே முத்திரையிடுவார். தாங்கள் கேட்கும் தாள் இந்த மாளிகையில் இல்லை.

இங்கே தோல்தாளுக்குத் தட்டுப்பாடு. பழைய தாளின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேலேயே எழுதியிருக்கிறேன், பொறுத்தருள்க. மெழுகுவர்த்தி வாங்க வழியில்லாத காலத்தில் ஜன்னலோரம் நின்று படிப்போமே, அதுபோல நிதானமாகப் படிக்கவும்.

தங்கள் பணிவுள்ள
தீபோ


பாரிஸ்,
புனித கத்தரீன் திருநாள்

தீபோ,

ஜன்னலோரம் நின்றுதான் படித்தேன். உன் வரிகளுக்கு அடியில் என் கையெழுத்து. 'நான் விடையளிக்கிறேன்' என்று அங்கே தெரிகிறது. என் விடையைச் சுரண்டிவிட்டு, அதன்மேலேயே தாள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதிலும் 'தாங்கள்' என்று வேறு.

மாணவர்களாக இருந்தபோது, ஒவ்வொரு விவாதத்துக்கு முன்பும் சொல்வேன்: "டேய் தீபோ, நீ எதிர்க்கட்சி பேசு, பதிலை நான் பாத்துக்கறேன்." பாராட்டெல்லாம் எனக்கே வந்தது, உண்மைதான். அந்த வஞ்சத்தை இருபது வருடம் வயிற்றில் வைத்திருந்தாயா? நெஞ்சு எரிகிறது. நீ சுரண்டிய தாளை மன்றத்தில் விரித்துக் காட்டப் போகிறேன். உன் செயலாளரும் இதைப் படிக்கட்டும்.

ஆர்னூல்


மோர்வால்,
புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு மறுநாள்

என் தீபோ,

நேற்று என்னை விடுவித்துவிட்டார்கள். ஆயர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, என் விடையை ஒரு சொல் விடாமல் படித்தார். "சுரண்டினவன் கத்தியே வைக்கல போலிருக்கே" என்று சிரித்தார். அப்போதுதான் தாளைத் திரும்ப வாங்கி, நீ எவ்வளவு லேசாகச் சுரண்டியிருக்கிறாய் என்று பார்த்தேன்.

மீதியை மாளிகை வாசல் காவலர் சொன்னார். முதல் தாளை உன் மேசையிலிருந்து எடுத்ததும், இரண்டாவதை அழிக்கச் சொன்னதும் செயலாளர்தானாம். "ஒங்க ரெண்டாவது கடுதாசி வந்துச்சு, அன்னைக்கே தீபோவ வேலைய விட்டுத் தொரத்திட்டாங்க" என்றார். என் கோபத்தை அந்த ஆளே படிக்கட்டும் என்று எழுதியவன் நான்.

உன் அக்கா எனக்குக் கதவைத் திறக்கவில்லை. அதனால் இதை எழுதிக் கதவிடுக்கில் வைக்கிறேன்.

தீபோ என்னைக் காட்டிக்கொடுத்தான் என்று தோன்றுகிறது. ஏனென்றால் தாள் அவனிடம் இருந்தது. இல்லை என்று எழுதினான். 'தாங்கள்' என்றான். நான் படித்தது அவ்வளவுதான். ஆயர் செய்த அதே தவறு. அவராவது பாதியைத்தான் பார்த்தார். எனக்கு நீ விடையையும் அனுப்பியிருந்தாய்.

இந்த முறை எதிர்க்கட்சியை நான் பேசிவிட்டேன். தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். விடையை நீ எழுது.

உன் ஆர்னூல்