பந்து வருமென்று ஓடியவளுக்கு

என் அன்பு மச்சாள் வதனி,

நீ போன பிறகு இன்றுதான் முதல் மேட்ச் ஆடினேன். முழங்காலில் புல் இன்னும் ஒட்டியிருக்கிறது. உனக்குச் சொல்லாமல் குளிக்க மனம் வரவில்லை.

பென்டில் ஹில்லில் உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பார்த்த அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் நினைவிருக்கிறதா? மீன் ரோல்ஸைக் கடித்தபடி நீதான் அந்த ஒப்ஷன் ஆட்டத்தை முதலில் கவனித்தாய். "இஞ்ச பாரடி, அந்தப் பெரிய தடியனை ஒருத்தரும் மறிக்கேல்லை. வேணுமெண்டே விட்டிருக்கினம்." நான் நம்பவில்லை. மூன்று தரம் திருப்பிப் போட்டுக் காட்டினாய்.

எதிரணியில் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விடுவது. ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், முட்டிக்கொண்டு ஓடிவரும் ஃபுல்பேக்கின் வயிற்றோடு பந்தை வைத்தபடி அந்த ஆளையே பார்ப்பது. அவர் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓடுவது. தன்னை நோக்கி வந்தால் பந்தை ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுவது. அந்த ஆள் எதைச் செய்தாலும் பிழை. இதை யோசித்தவருக்கு எப்படிப்பட்ட மூளை இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை. "எங்களை மாதிரிக் கட்டையளுக்கெண்டே செய்தது" என்றாய் நீ.

அப்படித்தான் பெண்கள் அணியில் போய்ச் சேர்ந்தோம். நான் குவாட்டர்பேக், நீ ஃபுல்பேக். பந்தே இல்லாமல் அடி வாங்கி விழுந்தாலும் சிரித்துக்கொண்டுதான் எழும்புவாய். உனக்கு விசர் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடக் கடைசி மேட்ச். மறிக்காமல் விட்டவள் என்னை நோக்கித்தான் வந்தாள் என்பதைப் பிறகு வீடியோவில்தான் கண்டேன். மைதானத்தில் நான் பார்த்தது உன் முகத்தை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாய். ஐயோ பாவம் என்று பந்தை உருவிவிட்டேன். அவள் என்னை விழுத்தினாள். வெறுங்கையோடு போன உன்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். மேட்சும் போயிற்று.

காரில் ஹரிஸ் பார்க் வந்ததும் வெடித்தாய். "என்னைப் பாத்துப் பாவப்பட ஆர் உன்னைக் கேட்டது? உன்ர வேலை அவளைப் பாக்கிறது." அந்த வலி நோயின் வலி என்று அன்றைக்கு நம் இருவருக்கும் தெரியாது.

உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன். "பந்து வருமோ வராதோ எண்டு தெரியாமல் எப்பிடியடி ஒவ்வொருக்காவும் அப்பிடி ஓடினனீ?"

"வரும் எண்டுதான் ஓடினனான். வராட்டி என்ன, அவையள் நம்பி என்னில விழுந்தால் நீ தப்பியிடுவாய்தானே."

அன்றைக்கு நான் அழுததைவிட மலைத்துப்போய் இருந்ததுதான் அதிகம். அதன் பிறகு ஹெல்மெற்றை எடுக்கவே பயமாக இருந்தது. இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்து மறுபடியும் பந்தை உருவிவிட்டால்?

இப்போது உன் இடத்தில் கயல். கோயம்புத்தூர்ப் பிள்ளை, பரமட்டாவில் ஐ.டி. வேலை. இன்று மைதானத்தில் இறங்கும்போது கேட்டாள்.

"அக்கா, பந்து எனக்குக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"தெரியாது."

"அப்ப நான் எப்படி ஓடுறது?"

"பந்து வரும் எண்டு ஓடு."

"ஆமா, ரொம்ப ஈஸி" என்று முறைத்தாள்.

கடைசி நிமிடத்தில் தோற்றுக்கொண்டிருந்தோம். அதே ஆட்டம். கயலின் முகத்தைப் பார்க்க உயிர் துடித்தது. பார்க்கவில்லை. மறிக்காமல் விட்டவளின் தோளையே பார்த்தேன். அது என் பக்கம் திரும்பியது. பந்தை விட்டுவிட்டேன்.

முன்பெல்லாம் பந்து உன்னிடம் வந்ததும் நான் ஓட்டத்தை நிறுத்திவிடுவேன், தெரியும்தானே. இன்று நிறுத்தவில்லை. பந்து என்னிடம் இருப்பதாகவே ஓடினேன். அவள் நம்பி என்மேல் விழுந்தாள். மல்லாந்து கிடந்த எனக்குக் கயல் பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தது தெரியவில்லை, வென்ற கூச்சல்தான் கேட்டது. வெறுங்கையோடு கிடந்து சிரித்தேன், வதனி. நீ ஏன் சிரித்தாய் என்று அப்போதுதான் விளங்கியது.

இனிப் பாவம் பார்த்து ஒருத்தியிடமிருந்தும் பந்தை உருவமாட்டேன். கையில் பந்து இல்லாத நாளிலும் இருப்பதாகவே ஓடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு. சரி, இனிக் குளிக்கப் போறன்.

உன்னிடம் பேச்சு வாங்கிய மாமி மகள்,
சுமதி