என் காதில் மட்டும் சொன்னது

மாங்காடு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள எழிலுக்கு,

காமாட்சி அம்மன் கருணையில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதற்குமேல் இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை தேடாதே.

போன வாரம் போனில் என்ன சொன்னாய், நம் தெருவுக்குப் போட்ட குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது, பரிசோதனை முடிவு இங்கே டெல்லியில் எங்கள் குடிநீர்த் திட்ட ஆபீசுக்கு வந்துவிட்டது, நீ மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக் குடி, வெளியில் சொல்லாதே, திட்டத்தைப் புதிதாகத் தொடங்கப் போகிறோம், இப்போது பேச்சுக் கிளம்பினால் கெட்டுவிடும் என்றாய். அன்றைய வீட்டுக் கணக்கில் கேன் தண்ணீர் என்று எழுதவே எனக்குக் கை கூசியது, எதிர்வீட்டு நாகவல்லியின் பெண் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்து மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. மறுநாளே குமணன்சாவடி கல்யாண மண்டபத்தில் உங்கள் ஆட்கள் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். நம் தெருக் கோதண்டம் எழுந்து, "எங்களுக்கு கொழா தண்ணி, உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் பாட்டிலு" என்று கேட்க மண்டபமே சிரித்தது. பழசையெல்லாம் கிளறாதீங்க, இனிமேல் எல்லாம் வெளிப்படை என்றார் அதிகாரி, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொள்கிறோம், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால், தவறிவிட்டது தாயே என்று அவள் எதிரில் நின்று சொல்லிவிட்டுத்தான் நம் வீட்டில் மறுபடி முதல் வாரத்தைத் தொடங்குவோம். ஜனங்களிடம் மறைத்துவிட்டு நீங்கள் எதைப் புதிதாகத் தொடங்குவீர்கள்? எழுந்து போய் மைக்கை வாங்கினேன். என் பிள்ளை உங்கள் ஆபீசில்தான் இருக்கிறான், தண்ணீர் கெட்டது என்று எனக்கு மட்டும் சொன்னான், நான் எல்லோருக்கும் சொல்கிறேன், யாரும் குடிக்காதீர்கள் என்றேன்.

கூட்டத்தில் இருந்த நாகவல்லி அழவில்லை. "பெத்தவளுக்கு கேன் தண்ணி, எம் பொண்ணுக்கு சாக்கடையா? நல்லா கீதுக்கா உம் புள்ள நாயம்" என்றாள். உனக்காக நான் தலைகுனிந்து நின்றேன். மதியமே குழாயை மூடித் தண்ணீர் லாரி அனுப்பினார்கள், வாய் திறந்தால் அரை நாளில் நடக்கிற காரியம் இது. உன் வேலை போய்விடும் என்று அப்பா புலம்புகிறார், புலம்பட்டும். அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உனக்கு நீண்ட ஆயுளும், அதைவிட அவசியமாக, நேரே பேசும் வாயும் கொடுக்கட்டும். நாகவல்லி உன் நம்பர் கேட்டாள், கொடுத்திருக்கிறேன். கூப்பிடுவாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வடிவு