சேராத வாக்கியம்

ஜனவரி 8

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பிள்ளைகள் வருவதற்கு முன்பே தலைமையாசிரியை க்ரெய்டன் எங்களை நூலகத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். மாநிலத் தேர்வில் இந்த வருடமும் விழுந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் அனுப்புவார்களாம். பக்கத்து ஊராம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

கூட்டம் முடிந்து என்னை மட்டும் நிறுத்தினார். "எலோடியா, உங்க நாலாம் வகுப்புதான் நம்மளக் கவுக்குது. அதுலயும் அந்தத் திருத்தற பகுதி. இனிமே தினமும் அதுதான். அறிவியல், படம் வரையறது எல்லாம் மே மாசம் பாத்துக்கலாம்."

அவரும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

ஜனவரி 17

பிள்ளைகளுக்கு ரிவைஸ் என்பதும் எடிட் என்பதும் ஒன்றுதான். ஒன்று சொல்ல வந்ததையே செம்மைப்படுத்துவது. இன்னொன்று எழுத்துப்பிழை, காற்புள்ளி, பெரிய எழுத்து. இதைத் தொண்டை வறளச் சொன்னேன்.

ட்ரேஸ் கை தூக்கினான். "மிஸ், முதல்ல சொன்னது வீட்டு ரூமை இடிச்சு மாத்திக் கட்டற மாதிரி. ரெண்டாவது ஒழுகற குழாயை அடைக்கற மாதிரி. சரியா?"

"சரி."

"எங்கப்பா ரெண்டுமே செய்யமாட்டாரு."

வகுப்பே சிரித்தது. இந்த மாதத்தில் நான் சிரித்தது அப்போதுதான். பயிற்சித் தாளில் அவன் எடுத்தது பாதிக்கும் கீழே.

ஜனவரி 24

ஆசிரியர் அறைச் சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காந்த வில்லை ஒட்டியிருக்கிறார்கள். தேறுகிறவர்கள் பச்சை. கொஞ்சம் தூக்கிவிட்டால் தேறக்கூடியவர்கள் மஞ்சள். மிச்சம் சிவப்பு. "மஞ்சள்ல உழைங்க" என்று உத்தரவு. சிவப்பை என்ன செய்வது என்று கேட்டேன். கணினியில் ஏதாவது விளையாடட்டுமாம்.

என் வகுப்பில் நெய்டா ஓல்கின் சிவப்பு. எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்பானிய மொழி பேசும் ஒஹினாகாவிலிருந்து வந்து இரண்டாவது வருடம். ஆங்கிலத்தைக் காதில் விழுந்தபடி எழுதுகிறாள். அப்பா எவெரார்டோ எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவளைக் கணினி முன்னால் உட்கார வைத்தேன். பலூன் உடைக்கும் விளையாட்டு. என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உடைத்தாள்.

பிப்ரவரி 5

மதியச் சாப்பாட்டை வகுப்பிலேயே நெய்டாவோடு வைத்துக்கொள்கிறேன். அவள் பரீட்டோ ரொட்டிச் சுருளைப் பாதி பிய்த்து எனக்குத் தருகிறாள். காற்புள்ளி அவளுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. ஆனால் 'இந்தப் பத்தியில் சேராத வாக்கியம் எது?' என்று கேட்டால் ஒரு தடவைகூடத் தவறுவதில்லை.

"எப்படிடி கண்டுபிடிக்கிற?"

"மத்த வாக்கியமெல்லாம் ஒரே வீடு மிஸ். அது மட்டும் விருந்தாளி."

பிப்ரவரி 20

க்ரெய்டனுக்குத் தெரிந்துவிட்டது. "மஞ்சளை விட்டுட்டு சிவப்புல நேரத்தைக் கொட்டறீங்க."

"சாப்பாட்டு நேரம்தானே. அது என்னோடது."

"இந்த வருஷம் எதுவுமே நம்மளோடது இல்ல, எலோடியா."

பிப்ரவரி 28

பயிற்சித் தாள். பயிற்சித் தாள். ட்ரேஸ் இப்போது எதுவும் சொல்வதில்லை. வட்டத்தை நிரப்பிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறான். மற்றவர்களும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்கு எழுதுவது என்றால் அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என்றே நான் பழக்கிவிட்டேன். அவர்களுக்கே சொல்ல ஏதோ இருக்கிறது என்று எப்போது சொல்லித்தரப் போகிறேன்? மே மாதமா?

மார்ச் 12

நெய்டாவின் அப்பா இறந்துவிட்டார்.

மார்ச் 13

நெடுஞ்சாலையில் மணல் லாரி ஒன்று எதிரே தவறான பக்கம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். ஓட்டியவன் தூங்கிவிட்டான் என்கிறார்கள். அவனுக்கும் பிள்ளைகள் இருக்குமோ என்னவோ.

உடலை ஒஹினாகாவுக்குக் கொண்டுபோகிறார்கள். நெய்டாவின் அம்மா அம்பாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பானிய மொழியில் பேச வாயெடுத்தேன். என் அம்மாவின் மொழி அது. ஒரு வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 4

நெய்டா இன்னும் வரவில்லை. அவளுடைய வில்லையை யாரோ சுவரின் ஓரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். எடுத்து நடுவில் வைத்தேன். அதனால் என்ன ஆகப்போகிறது?

ஏப்ரல் 14

நாளை தேர்வு. தேர்வுக்கு வராத பிள்ளைகளாலும் பள்ளியின் கணக்கு குறையும் என்று க்ரெய்டன் நெய்டா வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னார். முடியாது என்றேன். "அப்ப நான் பண்றேன்" என்றார். அவர் பண்ணுவதைவிட நானே பண்ணுவது மேல் என்று பண்ணினேன். வெட்கமாக இருந்தது.

அம்பாரோ நிதானமாகத்தான் பேசினார். "வரட்டும் டீச்சர். வீட்ல இருந்தா செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்கா."

ஏப்ரல் 15

வந்தாள். தலை வாரி, வெள்ளை ரிப்பன் கட்டி.

தேர்வு நடக்கும்போது நாங்கள் திரையைப் பார்க்கக்கூடாது. சுவரோரம் நடந்துகொண்டே இருக்கவேண்டும். கடைசியில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். நெய்டா வேகமாகத் தட்டினாள். பிறகு நிறுத்தினாள். ஏதோ ஒன்றை அழிப்பது தெரிந்தது. திரும்பத் தட்டினாள். திரும்ப அழித்தாள். அருகில் போகக்கூடாது. போகவில்லை.

முடிந்து வரிசையில் நிற்கும்போது என் சட்டைக் கையை இழுத்தாள். தேர்வைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்ல நினைத்தேன்; அதற்குள் சொல்லிவிட்டாள்.

"மிஸ், 'சந்தோஷமா இருந்த ஒரு நாள்' பத்தி எழுதச் சொல்லியிருந்தாங்க. அப்பாகூட ஆத்துக்குப் போனத எழுதினேன். கடைசில அப்பா செத்துட்டார்னு எழுதிட்டேன். அப்புறம் படிச்சுப் பாத்தா அந்த வாக்கியம் சேரல. எடுத்துட்டேன். சரிதானே?"

சரி என்றேன்.

என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான். ஒன்பது வயசுப் பிள்ள. அப்பன் செத்தத விருந்தாளின்னு வெளிய தள்ளிட்டு வந்து சரியான்னு கேக்குது. நான் சரிங்கறேன். இதையா சொல்லிக்குடுத்தேன்? இதுக்கா சாப்பாட்டு நேரத்தையெல்லாம் போட்டேன்?

ஏப்ரல் 16

பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

மே 6

அறிவியல் பாடம் ஆரம்பித்தோம். பூச்சிகள். ட்ரேஸ் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துவந்தான். என்னால் அதைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட முடியவில்லை. பாவம், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூன் 13

முடிவு வந்தது. விழுந்துவிட்டோம். கொஞ்சத்தில்தான் என்றார் க்ரெய்டன். நூலக வாசலில் நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார். நான் அவரை அணைத்துக்கொண்டேன். அவரை வெறுப்பதற்குக்கூட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மஞ்சளில் பாதிப் பேர் தேறவில்லை. ட்ரேஸ் தேறவில்லை. நெய்டா நூலிழையில் தேறிவிட்டாள். சந்தோஷப்பட முயன்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 20

வேறு பள்ளிக்கான காகிதங்களை வாங்க அம்பாரோ வந்தார். கையெழுத்துப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"தேர்வுல அவ அப்பாவைப் பத்தி எழுதினாளாமே. பெத்தவங்க பாக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது டீச்சர். நீங்க படிச்சுச் சொல்றீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? முடிவோடு அவருக்கு வந்த ரகசிய எண்ணைக் கணினியில் போட்டுத் திறந்தேன். திரையில் இருந்தது. காற்புள்ளியே இல்லை. முழுவதும் நிகழ்காலம். ஆற்றுக்குப் போனோம் என்று இருக்கவேண்டிய இடத்தில் போகிறோம் என்று இருந்தது. இறந்தகாலம் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஸ்பானிய மொழியில் சொல்ல ஆரம்பித்தேன். பழக்கத்தில் நாக்கு இறந்தகாலத்துக்குப் போகப் பார்த்தது. விடவில்லை. அவள் எழுதியபடியே சொன்னேன். அப்பாவின் தொப்பி ஆற்றில் விழுகிறது. அவர் பூட்சோடு இறங்குகிறார். வழுக்கி உட்கார்ந்துவிடுகிறார். மீன் ஒன்றும் சிக்கமாட்டேன் என்கிறது. அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நான் அந்த வாயில் ஒரு சிப்ஸ் வைக்கிறேன். கண்ணைத் திறக்காமலே மெல்லுகிறார்.

அம்பாரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். "அப்படித்தான். அப்படித்தான் மெல்லுவாரு."

முடித்தேன்.

"இதுல அவரு சாகவே இல்லையே டீச்சர்."

"இல்லை."

கணினிகளைக் கழற்றிக்கொண்டுபோக வந்த ஆட்கள் வாசலில் வண்டியோடு நின்றார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"இன்னொரு தடவை படிங்க" என்றார் அம்பாரோ. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.